டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி



இந்த மூன்று மாதத்தில் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். நால்வரும் என்னைப் போல் பென்ஷன்காரர்கள். டி.வி.யின் முதுகில் செருகி இன்டர்நெட் வழியாகப் படம் பார்க்க ஒரு குச்சி விற்கிறதாம், பிள்ளைகள் வாங்கச் சொல்கிறார்களாம். மகன் அமேசான் ஃபயர் டி.வி. ஸ்டிக் என்கிறான், மகள் கூகுள் டி.வி. என்கிறாள், மருமகன் ஆப்பிளைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்கிறார். எதை வாங்குவது?

அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் போகாது. புதிதாக ஒரு தபால் வந்தால் பழைய கோப்பை எடுத்து வரச் சொல்வோம். இதற்கு முன் இப்படி ஒன்று வந்ததா, அப்போது என்ன முடிவு எடுத்தார்கள், பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுத்தான் குறிப்பு எழுதுவோம். குச்சி விஷயத்திலும் அதையே செய்யலாம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் நம் டி.வி.க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிறகு எழுந்துபோன பெட்டிகளின் கதைதான் அந்தப் பழைய கோப்பு.

இந்தியாவில் டி.வி. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனையாகத் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள், அதுவும் கொஞ்ச நேரம். தினசரி ஒளிபரப்பு 1965-இல் வந்தது. பம்பாய்க்கு 1972-இல் நிலையம் கிடைத்தது, சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதே ஆகஸ்ட் மாதம் இன்னொரு பெரிய வேலையும் தொடங்கியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் படம் அனுப்பினார்கள். சைட் என்று அதற்குப் பெயர். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையில் செய்த மூன்று மீட்டர் குடை ஒன்று, ஊருக்குப் பொதுவாக ஒரு டி.வி. ஒன்று. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோளை அமெரிக்கா நகர்த்திக்கொண்டது. செயற்கைக்கோள் வழியாக வந்த படமும் அதோடு நின்றது. கருவி நம்மிடம் இருந்தாலும் அதற்குள் வருவது யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்பது இந்தக் கோப்பின் முதல் பக்கத்திலேயே பதிவாகிவிட்டது.

புதுச்சேரியில் இருந்த நமக்குச் சென்னை 150 கிலோமீட்டர் தூரம். அந்த அலை நேர்கோட்டில் போகிற அலை, பூமியின் வளைவைத் தாண்டி வராது. அதனால் வசதி உள்ளவர்கள் மொட்டை மாடியில் ஜி.ஐ. பைப்பை நட்டு, மேலே மீன்முள் போன்ற ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்துப் பிடித்தார்கள். நல்ல இரவில் ஆள் தெரியும், மற்ற இரவுகளில் எள்ளைக் கொட்டியது போல் புள்ளிகள்தான். நான் சில ஆண்டுகள் காரைக்காலில் வேலை பார்த்தேன். அங்கே கதை வேறு. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியதும் காரைக்கால், நாகப்பட்டினம் பக்கம் ஆன்டெனாக்கள் எல்லாம் தெற்கே திரும்பிக்கொண்டன. கடலுக்கு மேல் அலை தடையில்லாமல் வந்தது. டெல்லி என்ன காட்டுகிறது என்று தெரியாத வீட்டில்கூடக் கொழும்பு தெரிந்தது.

அந்தக் காலத்தில் டி.வி. வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1980களின் நடுவில் அது எடுக்கப்பட்டது. அதற்குள் 1982 ஆகஸ்ட் 15 அன்று தேசிய ஒளிபரப்பும் கலரும் வந்துவிட்டன. அந்த நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 1983-இல் இன்சாட்-1பி போனது. பிறகு ஊர் ஊராகச் சின்ன ரிலே நிலையங்கள் முளைத்தன. 1987 ஜனவரியில் ராமாயணம் தொடங்கியபோது, இந்தி தெரியாத நம் தெருவிலும் ஞாயிறு காலையில் ஆள் நடமாட்டம் இருக்காது.

கலர் வந்த கதையில்தான் நம் ஊருக்கு மட்டும் ஒரு தனிப் பக்கம் உண்டு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் 1967-இல் சில வார இடைவெளியில் கலர் டி.வி. தொடங்கியது. ஆனால் இரண்டும் இரண்டு முறை. ஜெர்மானியர்கள் பால் என்ற முறையை எடுத்தார்கள் (நம் பசும்பால் அல்ல). பிரெஞ்சுக்காரர்கள் ஆன்ரி த பிரான்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய செக்காம் முறையை எடுத்தார்கள். நிறத்தை அலையில் ஏற்றி அனுப்பும் விதம் இரண்டிலும் வேறு. இந்தியா 1982-இல் பால் முறையைத் தேர்ந்தெடுத்தது. டெல்லியில் யாரோ எடுத்த அந்த முடிவு நம் ஊர் சொல்தாக்களின் வீட்டுக்கு வந்து நின்றது.

சொல்தா என்றால் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பான்சியோன் வாங்கி ஊரில் வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிரான்சிலிருந்து வரும்போது பெரிய கலர் டி.வி.யைப் பெட்டி கட்டிக் கொண்டுவருவார்கள். இங்கே பிளக்கைச் செருகி ஆன்டெனா கொடுத்தால் படமும் சரியாக நிற்காது, பேச்சும் வராது. நிறம் மட்டும் அல்ல, படத்தையும் ஒலியையும் அலையில் ஏற்றும் முறையே பிரான்சில் வேறு. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், அதோடு வந்த கையேட்டைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். கையேட்டில் எல்லாம் இருக்கும், இந்தியா மட்டும் இருக்காது.

எங்கள் தெருவில் ஒரு சொல்தாவின் மனைவி இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகன் பிரான்சில். மகனுக்கு அங்கேயே கல்யாணம் நடந்தது, அம்மாவால் போகமுடியவில்லை. மகன் கல்யாண கேசட்டை அனுப்பிவைத்தான். பக்கத்து வீட்டிலிருந்து வி.சி.ஆர். வாங்கிப் போட்டோம். செக்காம் கேசட்டைப் பால் கருவியில் போட்டால் படம் ஓடும், ஒலியும் வரும், நிறம் மட்டும் வராது. எல்லாம் கறுப்பு வெள்ளை. அந்த அம்மாள் முழுவதும் பார்த்தார். முடிந்ததும், "தம்பி, பொண்ணோட முகூர்த்தப் புடவை என்ன நிறம்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா?" என்று என்னைக் கேட்டார். வி.சி.ஆரின் கையேட்டைத்தான் சொன்னார். பிறகு மகனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது: அரக்கு நிறம்.

பிற்காலத்தில் பால், செக்காம் இரண்டும் படிக்கும் கருவிகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதைத் தேடி வாங்கிவந்தார்கள். விலை கூடுதல்தான், ஆனால் எந்தக் கேசட்டையும் திருப்பி அனுப்பாத கருவி அது. இன்றைக்கும் கடையில் நிற்கும்போது நினைவில் வைக்கவேண்டிய கருவி அதுதான்.

பிரான்சிலும் அந்தக் காலத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, 1980 முதல் அங்கே விற்கும் டி.வி.க்களில் பெரிடெல் என்ற துளை கட்டாயம் என்று விதி கொண்டுவந்தார்கள். வீடியோ, விளையாட்டுக் கருவி என்று எந்தக் கம்பெனியின் பெட்டியையும் அதே துளையில் மாட்டலாம். இன்று நம் டி.வி.யில் உள்ள எச்.டி.எம்.ஐ. துளைக்கு அதை ஒரு பெரியப்பா என்று சொல்லலாம். இரண்டாவது, 1984 நவம்பர் 4 அன்று கனால் ப்ளஸ் என்ற கட்டணச் சேனல் தொடங்கியது. மாதாமாதம் பணம் கட்டி டிகோடர் பெட்டி வைத்திருப்பவருக்குத்தான் படம் தெளியும். மற்றவர்களுக்குக் கலங்கிய படம். பூட்டு, சாவி, மாதச் சந்தா என்ற மூன்றும் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. துளை எல்லோருக்கும் பொது, சாவி மட்டும் கம்பெனிக்குச் சொந்தம்.

நமக்கு அந்தச் சாவி மெதுவாக வந்தது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர். சி.என்.என். காட்டுவதைப் பார்க்கப் பெரிய ஓட்டல்களில் கூட்டம். அதன்பின் ஒவ்வொரு ஊரிலும் ஓர் இளைஞர் மாடியில் குடை வைத்து, மின்கம்பத்திலும் தென்னை மரத்திலும் கம்பி இழுத்து, வீட்டுக்கு வீடு கனெக்‌ஷன் கொடுத்தார். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கியதும் கம்பி இல்லாத தெரு இல்லை. சட்டம் பிறகுதான் வந்தது, 1995-இல். அந்தக் காலத்தில் பெட்டியே கிடையாது. கம்பியை நேராக டி.வி.யில் செருகினால் போதும். படம் வராவிட்டால் மாடியிலிருந்து கூப்பிட்டால் கேபிள்காரத் தம்பி சைக்கிளில் வருவார். அவரே கஸ்டமர் கேர், அவரே வசூல்.

பிறகு பெட்டி வந்தது. 2003 செப்டம்பரில் சென்னையில் செட்-டாப் பாக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு வீட்டுக்கு நேராகக் குடை வைக்கும் டி.டி.எச். வந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனே ஒரு குடையைக் கொண்டுவந்தது. குடைக்கும் பெட்டிக்கும் ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், மாதக் கட்டணம் இல்லை. இன்று அதற்குப் பெயர் டி.டி. ஃப்ரீ டிஷ். 2012 முதல் 2017 வரை கட்டம் கட்டமாக நாடு முழுவதும் கேபிள் டிஜிட்டல் ஆனது, எல்லா வீட்டிலும் பெட்டி கட்டாயம் ஆனது. பெட்டிக்குப் பணம் நாம் கொடுத்தோம். ஆனால் ஆபரேட்டரை மாற்றினால் அந்தப் பெட்டி அடுத்தவரிடம் வேலை செய்யாது. எந்தப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்தவேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை எழுதியது. புதுக் கம்பெனியின் பெட்டி வந்த பிறகு பரணில் பழைய பெட்டி எத்தனை இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இதற்கிடையில் நாம் பைப் நட்டுப் பிடித்த தூர்தர்ஷன் ரிலே நிலையங்களையும் 2022 மார்ச்சுக்குள் மிகச் சிலவற்றைத் தவிர மூடிவிட்டார்கள். மொட்டை மாடி ஆன்டெனா துணி காயப்போடத்தான் ஆகும்.

இனி குச்சியின் பரம்பரைக்கு வருவோம். 2007-இல் ஆப்பிள் டி.வி. வந்தது. அப்போது அமெரிக்காவில் தபாலில் டி.வி.டி. அனுப்பும் வியாபாரம் செய்துவந்த நெட்ஃப்ளிக்ஸ், இன்டர்நெட்டில் படம் காட்டத் தனக்கென்று ஒரு பெட்டியையே உருவாக்கிக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அதைக் கைவிட்டார். நாமே பெட்டி விற்றால் மற்ற டி.வி. கம்பெனிகள் நம்மைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். அந்தப் பெட்டி ரோக்கு என்ற கம்பெனியின் பெயரில் 2008 மே மாதம் சுமார் 100 டாலருக்குக் கடைக்கு வந்தது. ரோக்கு என்றால் ஜப்பான் மொழியில் ஆறு. அதன் நிறுவனருக்கு அது ஆறாவது கம்பெனி. 2013-இல் கூகுள் 35 டாலருக்குக் குரோம்காஸ்ட் விற்றது. நம் நாட்டுக்கு அது 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு வந்தது. அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்திராவிட்டால் இவற்றை இங்கே யார் வாங்கியிருப்பார்கள்?

இந்தப் புதிய பெட்டிகளும் பழைய வழியில்தான் நடக்கின்றன. 2019 டிசம்பர் 1 அன்று நெட்ஃப்ளிக்ஸ் 2010, 2011 ஆண்டுகளின் சில சாம்சங் ஸ்மார்ட் டி.வி.க்களிலும் சில பழைய ரோக்கு பெட்டிகளிலும் நின்றுபோனது. டி.வி. நன்றாகத்தான் இருந்தது. 2024 ஆகஸ்ட்டில் கூகுள் குரோம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் உலகம் முழுவதும் ஒரே நாளில் வேலை செய்யாமல் போனது. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் பத்தாண்டுக் கெடு முடிந்துவிட்டதாம். கம்பெனி சில நாட்களில் சரிசெய்து அனுப்பியது. சான்றிதழ் காலாவதியானால் ஆள் உயிரோடு இருந்தும் பென்ஷன் நிற்கும் என்பது நமக்குப் புதிதல்ல.

ஆக, பழைய கோப்பு மூன்று விஷயத்தைச் சொல்கிறது. டி.வி. நீண்ட நாள் உழைக்கிறது, பக்கத்துப் பெட்டிதான் அடிக்கடி மாறுகிறது. பெட்டி நம்முடையது, அதன் சாவி வேறொருவருடையது. ஒரு பெட்டி எதைக் காட்டும் என்று விளம்பரம் சொல்லும், எதைக் காட்டாது என்பதை நாம்தான் கேட்கவேண்டும். இதை வைத்து என் குறிப்பை எழுதுகிறேன்.

முதலாவது, ஸ்மார்ட் வசதி பழையதாகிவிட்டது என்பதற்காக நன்றாக ஓடும் டி.வி.யைத் தூக்கிப்போடாதீர்கள். பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சில ஆயிரம் ரூபாய்க் குச்சியே போதும், அது பழையதானால் குச்சியை மட்டும் மாற்றலாம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளை மட்டும் உள்ள பழைய குண்டு டி.வி.யானால் நடுவில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும், எழுத்துகளும் மங்கலாகத் தெரியும்.

இரண்டாவது, இன்டர்நெட் கம்பெனி இலவசமாகத் தரும் பெட்டியா, கடையில் வாங்கும் குச்சியா? இலவசப் பெட்டி சௌகரியம்தான். ஆனால் அது கனெக்‌ஷனோடு வந்தது, கனெக்‌ஷனோடு போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனி மாற்றுகிறவர்கள் சொந்தக் குச்சி வைத்துக்கொள்வது மேல்.

மூன்றாவது, எந்தக் குச்சி? யூடியூப், நீங்கள் சந்தா கட்டும் ஆப்கள், நீங்கள் பார்க்கும் தமிழ்ச் சேனல்களின் ஆப்கள் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். எல்லாம் இருந்தால் ஃபயர் டி.வி.யும் சரி, கூகுள் டி.வி.யும் சரி. ஆன்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் பெட்டியில் ஒரு வசதி, போனில் உள்ளதை அப்படியே டி.வி.க்கு அனுப்பலாம். ஆப்பிள் டி.வி. நல்ல கருவிதான், ஆனால் விலை பல மடங்கு. வீட்டில் எல்லோரிடமும் ஆப்பிள் போன் இருந்தால் யோசிக்கலாம். ரோக்கு குச்சி இங்கே விற்பனையில் இல்லை, அதனால் அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளை அன்போடு கொண்டுவந்தாலும் நம் ஊர் ஆப்கள் அதில் உண்டா என்று முதலில் கேளுங்கள். 32 அங்குல சாதாரண எச்.டி. டி.வி.க்கு 4கே குச்சியால் படம் கூடுதலாகத் தெளியாது. இன்டர்நெட் வேகம் எச்.டி.க்கு ஐந்து எம்.பி.பி.எஸ். இருந்தால் போதும், 4கே-க்குப் பதினைந்தாவது வேண்டும்.

பிரெஞ்சு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்ஸ் அரசுச் சேனல்களின் ஆப்பில் உள்ள பல நிகழ்ச்சிகள் பிரான்சுக்கு வெளியே திறக்காது. செக்காமின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் 24-ஐ யூடியூப்பில் நேரலையாகவே பார்க்கலாம். 2020-இல் தொடங்கிய டி.வி.5 மோந்த் ப்ளஸ் வெளிநாட்டில் உள்ளவர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது.

நான்காவது, சந்தா. குச்சியின் விலை ஒருமுறை, ஆப்களின் சந்தா ஒவ்வொரு மாதமும். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, நான்கைச் சேர்த்தால் பழைய கேபிள் பணத்தைத் தாண்டிவிடும். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கும் சந்தாவுக்குப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி நமக்குத் தகவல் சொல்லவேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். பார்க்காத ஆப்பை நிறுத்துங்கள், தேவைப்பட்டால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, ரிமோட். இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள், நான் முதலில் யோசிக்கச் சொல்வேன். டி.வி.க்கு ஒன்று, செட்-டாப் பாக்ஸுக்கு ஒன்று, குச்சிக்கு ஒன்று என்று மூன்று ரிமோட் இருந்தால், பேரன் பள்ளிக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்குச் செய்தி பார்க்க வழி இல்லை. டி.வி.யை அணைக்கவும் ஒலியைக் கூட்டவும் குச்சியின் ரிமோட்டே போதும்படி அமைத்துக்கொள்ள முடியும். பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புவதற்குள் அதைச் செய்யச் சொல்லி, அவர்கள் முன்னாலேயே நீங்கள் ஐந்து முறை போட்டு அணைத்துப் பழகுங்கள்.

வண்டியில் டி.வி. பார்க்கிறவர்களும் கேட்டார்கள். 1980களில் சென்னை வண்டிகளில் வீடியோ கோச் என்று போர்டு மாட்டி, டிரைவர் தலைக்குப் பின்னால் மரப்பெட்டியில் டி.வி. வைத்து, கேசட்டில் படம் ஓட்டினார்களே, அப்போது தேர்வு நம்முடையது அல்ல, கண்டக்டருடையது. பிரான்சில் என் உறவினர் ஒருவர் கோடையில் காம்பிங்-கார் என்னும் வீட்டுவண்டியில் சுற்றுவார். கூரையில் ஆன்டெனா உண்டு, ஆனால் ஊர் மாறினால் சேனல்களை மறுபடி தேடவேண்டும். இப்போது குச்சிதான் மாட்டுகிறார். குச்சிக்கு ஐந்து வோல்ட் போதும், போன் சார்ஜரிலேயே ஓடும். அங்கே 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்த நாட்டுக்குப் போனாலும் போனுக்குத் தனி ரோமிங் கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் முதல், சொந்த நாட்டில் கட்டிய சந்தாவையே பயணத்தில் மற்ற நாடுகளிலும் பார்க்க உரிமை உண்டு என்று சட்டம் போட்டுவிட்டார்கள். சாவி நாட்டோடு போகாமல் ஆளோடு போகட்டும் என்பது அதன் பொருள். அந்த அரக்குப் புடவை அம்மாள் காலத்தில் இப்படி ஒரு விதி யாருக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் வேன் அமர்த்திக் கோயில் குளம் போகிறவர்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் பார்க்கவேண்டும். எச்.டி.யில் ஒரு மணி நேரம் பார்த்தால் மூன்று ஜி.பி. வரை போகும், சாதாரணத் தரத்தில் ஒரு ஜி.பி. வரை. தினம் ஒன்றரை ஜி.பி. ரீசார்ஜ் போட்டவர்கள் திண்டிவனம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் இருக்கும்போதே போனில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இது பொழுதுபோக்கு விஷயம் அல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலையும் நாம் பார்த்தவர்கள். அந்த மாதிரி நாளில் முதலில் கரண்ட் போகும், பிறகு வைஃபை போகும், கேபிள் கம்பி அறுந்து தொங்கும், மாடிக் குடை காற்றில் திரும்பிக்கொள்ளும். எந்தக் குச்சியும் அன்றைக்கு உதவாது. எனவே எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்டாதீர்கள். குச்சி இருக்கட்டும், அதோடு மாதக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ் ஒன்றும் இருந்தால், இன்டர்நெட் நின்ற சாதாரண நாளில் செய்தியாவது வரும். புயல் நாளுக்குப் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றை வாங்கி அலமாரியில் வையுங்கள். பேட்டரியை ரேடியோவுக்குள் போட்டு வைக்காமல் தனியாக வையுங்கள், கசிந்து கெட்டுப்போகும்.

எதை வாங்குவது என்று இன்னும் குழப்பமாக இருப்பவர்கள் டி.வி.யின் முதுகைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். துளையைப் பார்த்துச் சொல்கிறேன்.